நாய்க்கு உணவு ஒத்துக்கொள்ளவில்லையா? ஒவ்வாமையைக் கண்டறிந்து கையாளும் முறை

வீட்டில் அனைவரும் படுத்து, மின்விசிறியின் ஓசை மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில், நாய் தன் முன்னங்காலை விடாமல் நக்கிக்கொண்டிருக்கும் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா? மறுநாள் காலை வெளிச்சத்தில் அந்தப் பாதத்தைத் தூக்கி, விரல்களை மெல்ல விரித்துப் பாருங்கள். வெளிர் நிற நாயாக இருந்தால், விரலிடுக்கில் உள்ள முடி துருப்பிடித்தாற்போல் செம்பழுப்பாக மாறியிருக்கும். எச்சிலில் உள்ள நிறமி நாள்பட ஊறி ஏறிய கறை அது. அங்கே தோல் சிவந்து, சற்று ஈரமாக, புளித்த மாவை நினைவூட்டும் வாடையுடன் இருந்தால், நாய் அரிப்பைத் தாங்க முடியாமல்தான் நக்குகிறது என்று கொள்ளலாம். அந்த அரிப்புக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். நாம் அன்போடு தினமும் தட்டில் வைக்கும் உணவும் அவற்றுள் ஒன்று.

காரணம் உணவுதானா என்பதை உறுதிசெய்ய ஒரே ஒரு நம்பகமான வழிதான் இருக்கிறது. நாய் இதுவரை உண்ணாத ஒரே உணவை எட்டு வாரம் கண்டிப்பாகக் கொடுத்து, அரிப்பு குறைகிறதா என்று பார்த்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதே அந்த வழி. இரத்தம், எச்சில், முடி ஆகியவற்றை அனுப்பி உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கலாம் என்று விற்கப்படும் பரிசோதனைகளை நம்பி முடிவெடுக்க இயலாது. ஆரோக்கியமான நாய்க்கும் அவை ‘ஒவ்வாமை உண்டு’ என்று காட்டிவிடுகின்றன. அந்தப் பணத்தை எட்டு வார உணவுக்குச் செலவிடுவது மேல்.

எந்த உணவுகளைச் சந்தேகிக்க வேண்டும்?

உணவிலுள்ள ஏதோவொரு புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையென்று தவறாகப் புரிந்துகொண்டு எதிர்வினை செய்வதே ஒவ்வாமை. ‘இரண்டு வருடமாக இதைத்தானே சாப்பிடுகிறது, இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?’ என்று கேட்காத நாய் வளர்ப்பாளர் அரிது. உண்மையில் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் திரும்பத் திரும்ப உண்ட உணவுக்கே உடல் பெரும்பாலும் ஒவ்வாமையை வளர்த்துக்கொள்கிறது. ஆகவே நேற்று புதிதாகக் கொடுத்த பண்டத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, அன்றாடம் கொடுப்பவற்றை முதலில் பட்டியலிட வேண்டும். பால் குடித்தால் மட்டும் வயிற்றுப்போக்கு வந்து, தோலில் எந்தத் தொந்தரவும் இல்லாத நாய்க்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவாக இருக்கலாம். அது ஒவ்வாமையிலிருந்து வேறானது. பாலை நிறுத்தினாலே போதும்.

2016-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் விவரங்களைத் திரட்டியது. அவற்றில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சியும், 17 சதவீதத்துக்குப் பால் பொருள்களும், 15 சதவீதத்துக்குக் கோழி இறைச்சியும், 13 சதவீதத்துக்குக் கோதுமையும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வரிசையை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பல நாய்கள் மாட்டிறைச்சியை ஒருமுறைகூடச் சுவைத்ததில்லை. அவற்றின் அன்றாடம் என்பது கோழித் தலையும் காலும் போட்டு வேகவைத்த சோறு, தயிர்சாதம், பால், முட்டை, தேநீர் நேரத்தில் ஆளுக்கொன்றாகக் கிடைக்கும் பிஸ்கட், ரஸ்க் ஆகியவைதான். எனவே இங்கே கோழி, பால், முட்டை, கோதுமை ஆகிய நான்கின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். அரிசியால் வரும் ஒவ்வாமை மிகக் குறைவு.

அறிகுறிகள்

மனிதர்களுக்கு ஒவ்வாமை என்றதும் தும்மலும் தடிப்பும் நினைவுக்கு வரும். நாய்க்குப் பெரும்பாலும் அரிப்புதான். அதிலும் அரிக்கும் இடங்கள் கவனிக்கத்தக்கவை: பாதங்கள், காதுகள், அக்குள், அடிவயிறு, தொடையிடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய பகுதி. காதை அடிக்கடி உதறுவதும், காது மடலைத் தூக்கினால் உள்ளே சிவந்து பழுப்பு நிற மெழுகு படிந்திருப்பதும், மருந்து விட்டால் அடங்கி இரண்டொரு மாதத்தில் மறுபடியும் வருவதும் வலுவான அடையாளங்கள். உடலில் வேறெங்கும் அரிப்பே இல்லாமல், காதுச் சீழ் மட்டும் திரும்பத் திரும்ப வரும் நாய்களும் உண்டு. அவற்றுக்குக் காதுச் சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விடுவதோடு நின்றுவிடாமல், உணவையும் யோசிக்க வேண்டும்.

வயிற்றையும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் மலம் கழிப்பது, அது இளகியோ சளியுடனோ இருப்பது, அடிக்கடி வாயு பிரிவது, காரணமின்றி வாந்தி எடுப்பது ஆகியவை தோல் அரிப்புடன் சேர்ந்து வந்தால் சந்தேகம் கூடுகிறது. பனிக்காலம், மழைக்காலம் என்ற வேறுபாடு இல்லாமல் ஆண்டு முழுவதும் அரிப்பு நீடிப்பதும், ஒரு வயது நிறைவதற்குள்ளேயே தொடங்குவதும் உணவைச் சுட்டும் குறிப்புகளே. எந்த வயதிலும் தொடங்கலாம் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றைப் படித்தவுடன் உங்கள் நாய்க்கு உணவு ஒவ்வாமைதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஏதேனும் ஒரு நோய்க்காகக் கால்நடை மருத்துவரிடம் வரும் நாய்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டால், நூற்றில் ஒன்று அல்லது இரண்டுக்குத்தான் உணவு ஒவ்வாமை இருக்கிறது. அரிப்பின் காரணம் தெள்ளுப்பூச்சியாகவோ, உண்ணியாகவோ, சொறிப்பூச்சியாகவோ, தூசியும் மகரந்தமும் தரும் ஒவ்வாமையாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முதுகின் பின்பகுதியிலும் வால் தொடங்கும் இடத்திலும் கடித்துக் கடித்து முடி உதிர்ந்திருந்தால் தெள்ளுப்பூச்சியை நினையுங்கள். காது மடலின் ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, வீட்டிலுள்ள மனிதர்களுக்கும் அரிக்கத் தொடங்கினால் சொறிப்பூச்சியை நினையுங்கள். மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, பூச்சிகளுக்கும், பாக்டீரியா மற்றும் ஈஸ்ட் தொற்றுக்கும் முதலில் மருத்துவம் செய்வார். அந்தத் தொற்று தீராமல் உணவுச் சோதனையில் இறங்கினால், உணவு சரியாக இருந்தும் அரிப்பு நிற்காது, சோதனையே வீணாகிவிடும். சொறிக்குப் பழைய எஞ்சின் ஆயில் பூசும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. நாய் அதை நக்கி விழுங்கும், அது நஞ்சு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகமும் உதடும் வீங்குவது, உடலெங்கும் தடிப்புகள் எழும்புவது, தொடர்ந்து வாந்தியும் பேதியும் ஆவது, மூச்சுத் திணறுவது, ஈறுகள் வெளுத்து நாய் தள்ளாடுவது ஆகியவை வேறு வகை. உணவால் இவ்வாறு ஆவது அரிது, ஆனால் நேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்தில் வீட்டிலுள்ள மனித மாத்திரைகளைத் தேடாமல், உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

எட்டு வாரச் சோதனை

இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று சொல்லும் அளவுக்கு இந்தப் பகுதி முக்கியமானது. பலர் இரண்டு வாரம் கோழியை நிறுத்திப் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் குறையவில்லை’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஐந்து வாரத்தில் தேறத் தொடங்குகின்றன. எட்டு வாரம் காத்திருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் தேறுகின்றன. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டவர் விடை வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டவர் ஆகிறார்.

உணவைத் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள் உள்ளன. நாய் பிறந்தது முதல் உண்ணாத ஒரு புரதத்தையும் ஒரு மாவுச்சத்தையும் சேர்த்து வீட்டிலேயே சமைப்பது முதல் வழி. எல்லாவற்றையும் உண்டு பழகிய நாய்க்குப் புதிய புரதம் எது என்று கண்டுபிடிப்பது நினைப்பதைவிடக் கடினம். கோழிக்குப் பதில் காடை, வான்கோழி, வாத்து என்று மாற்றினால், அவையும் பறவைகளே என்பதால் அவற்றின் புரதங்கள் கோழியின் புரதங்களை ஒத்திருக்கக்கூடும். தினமும் பாலும் தயிரும் உண்ட நாய்க்கு ஆட்டுக்கறியும் அவ்வளவு புதியதன்று. பசுவின் பாலிலுள்ள சில புரதங்களுக்கும் மாடு, ஆடு ஆகியவற்றின் இறைச்சியிலுள்ள புரதங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கோழிக்கும் மீனுக்கும் இடையிலும் இத்தகைய பொதுத்தன்மை கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால் கோழியும் பாலும் தின்று வளர்ந்த நாய்க்கு, கிடைக்கும் இடங்களில் வெண்பன்றிக் கறியோ முயல் கறியோ பொருத்தமாக அமையலாம். அதனுடன் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அல்லது உருளைக்கிழங்கு. கறியை எலும்பு நீக்கி, உள்ளே சிவப்பே இல்லாதபடி நன்றாக வேகவைக்க வேண்டும். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. ஒவ்வாமை இல்லாத நாய்க்கும் அவற்றைத் தரக்கூடாது.

மருத்துவர் வழியாகக் கிடைக்கும், புரதத்தை மிகச் சிறு துண்டுகளாகச் சிதைத்துத் தயாரித்த சிறப்பு உணவைக் கொடுப்பது இரண்டாவது வழி. துண்டுகள் அவ்வளவு சிறிதாக இருப்பதால் நோய் எதிர்ப்பு அமைப்பு அவற்றைப் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. விலை அதிகம்தான், ஆனால் சத்துகள் அளவாக இருக்கும், சமைக்கும் வேலை இல்லை, வீட்டில் இறைச்சி சமைக்காத குடும்பங்களுக்கும் ஏற்றது. இவற்றில் கோழிப் புரதத்தைச் சிதைத்துச் செய்தவையும் உண்டு, சோயாவைச் சிதைத்துச் செய்தவையும் உண்டு. கோழியின் மீது வலுவான சந்தேகம் இருந்தால் சோயா வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. குட்டி நாய்க்கு இந்த இரண்டாவது வழியே சரி. கறியும் கிழங்கும் மட்டும் உண்டால் கால்சியம் போதாது. வளர்ந்த ஆரோக்கியமான நாய் சில வாரங்கள் தாங்கும், வளரும் குட்டியின் எலும்பு தாங்காது.

கடையில் கிடைக்கும் சாதாரணத் தீவனப் பைகளில் ‘ஆட்டுக்கறியும் அரிசியும்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பிச் சோதனையைத் தொடங்க வேண்டாம். பையைத் திருப்பிச் சிறிய எழுத்துகளைப் படித்தால் கோழிக் கொழுப்போ கோழி மாவோ அதில் இருப்பதைப் பல நேரங்களில் காணலாம். மேலும், மேலுறையில் குறிப்பிடாத புரதங்களும் இத்தகைய தீவனங்களில் கலந்திருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே தொழிற்சாலையில் பல வகைத் தீவனங்கள் தயாராவதால் இப்படி நேர்கிறது.

புதிய உணவை ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் பழைய உணவோடு கலந்து, சிறிது சிறிதாக அளவைக் கூட்டி மாற்றுங்கள். பழைய உணவு முற்றிலும் நின்ற நாளே முதல் நாள். அன்றிலிருந்து நாயின் வாய்க்குள் அந்த உணவும் தண்ணீரும் தவிர எதுவும் போகக்கூடாது. ‘எதுவும்’ என்பதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: கடித்து விளையாடும் தோல் எலும்பு, கோழி மணமூட்டிய பற்பசை, மாட்டிறைச்சிச் சுவையூட்டிய குடற்புழு மாத்திரை, உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரை, ஜெலட்டின் உறை போட்ட மருந்துகள், சுவையூட்டிய கால்சியம் டானிக், பூனையின் தட்டு, தெருவில் கிடக்கும் எலும்பு, அடுக்குமாடிக் காவலாளி பாசத்தோடு நீட்டும் பிஸ்கட் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், சுவையூட்டாத வகையோ, முதுகில் விடும் சொட்டு மருந்தோ மாற்றாகத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை விழுங்க வைக்க, சோதனை உணவிலேயே ஓர் உருண்டை பிடித்து அதனுள் வையுங்கள்.

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு இந்தச் சோதனையை நடத்தியபோது, ஐந்தாவது வாரத்தில் இரவு நேர நக்கல் சத்தம் ஏறத்தாழ நின்றிருந்தது. ஆறாவது வாரம் காதுகள் மறுபடியும் சிவந்தன. வீட்டில் யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று ஒவ்வொருவரும் உறுதியாகச் சொன்னார்கள், அது உண்மையும்கூட. இரண்டு நாள் நாயின் பின்னாலேயே நடந்த பிறகுதான், கொல்லைப்புறத்தில் தயிர்ச் சட்டியைக் கழுவி ஊற்றும் துணிதுவைக்கும் கல்லின் அடியில் அது நின்று, வெண்மையாக வழியும் தண்ணீரை நக்குவதைக் கண்டேன். கழுவும் நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்தினோம். பத்து நாளில் காது பழையபடி வெளிறியது. அந்தச் சிறிய தவறுதான், சந்தேகம் கோழியின் மீது மட்டும் இருந்த எங்களுக்குப் பாலையும் காட்டிக்கொடுத்தது.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உதவும். ஒவ்வொரு நாளும் அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுங்கள். அரிப்பே இல்லையென்றால் 0, உணவையும் உறக்கத்தையும் விட்டுவிட்டுச் சொறிந்தால் 10. மலம் எத்தனை முறை, எந்தப் பதத்தில் என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் பாதத்தையும் காதையும் படம் எடுங்கள், எடையையும் பாருங்கள். தவறிப்போய் ஏதேனும் தின்றுவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர்களும் குழந்தைகளும் இருந்தால், ‘கொடுக்காதே’ என்று மட்டும் சொன்னால் பலன் குறைவு. சோதனைக் கிழங்கை மெல்லிய துண்டுகளாக வேகவைத்து ஒரு டப்பாவில் போட்டு, ‘கொடுக்கத் தோன்றினால் இதிலிருந்து கொடுங்கள்’ என்று கையில் தருவதே நடைமுறைக்கு உகந்தது. நாய்க்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுச் சாப்பிடும் பாட்டியின் மனதை மாற்றுவதைவிட, அவர் தட்டருகே வைக்கும் உருண்டையை மாற்றுவது எளிது.

சோதனைக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் குறைந்துவிடும்; குறைந்தது ஊசியாலா, உணவாலா என்று தெரியாது. தொடக்கத்தில் அரிப்பு கடுமையாக இருந்தால் மருத்துவர் சில நாள்களுக்கு மருந்து தரலாம். ஆனால் அது நின்ற பிறகும் சில வாரங்கள் உணவைத் தொடர்ந்தால்தான் முடிவைப் படிக்க முடியும்.

பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தல்

எட்டு வாரத்தில் நாய் தேறிவிட்டது. இங்கேதான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும் நாயைத் தெரிந்தே மறுபடியும் அரிப்புக்கு உள்ளாக்க யாருக்கு மனம் வரும்? ஆயினும் இந்தப் படியைத் தாண்டாமல் எதுவும் உறுதியாவதில்லை. அதே எட்டு வாரத்தில் பூச்சி மருந்தும் கொடுத்திருப்பீர்கள், பருவமும் மாறியிருக்கும். பழைய உணவை அப்படியே திரும்பக் கொடுங்கள். ஒவ்வாமை இருந்தால் சில மணி நேரத்திலிருந்து 14 நாள்களுக்குள் அரிப்பு திரும்பும். திரும்பியவுடன் நிறுத்திவிட்டுச் சோதனை உணவுக்கு வாருங்கள். நாய் மீண்டும் அடங்கும். முன்பு முகம் வீங்கியோ மூச்சுத் திணறியோ இருந்த நாய்க்கு மட்டும் இதை வீட்டில் செய்யவே கூடாது.

அடங்கிய பிறகு, ஒவ்வொரு பொருளாக இரண்டு வாரம் சேர்த்துப் பாருங்கள்: முதலில் வேகவைத்த கோழி மட்டும், அது முடிந்து முட்டை, பிறகு பால், பிறகு கோதுமை. எது வந்தபோது அரிப்பு வந்ததோ அது விலக்க வேண்டியது. எது வந்தும் ஒன்றும் ஆகவில்லையோ அது திரும்பத் தட்டுக்கு வரலாம். பழைய உணவைக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியும் அரிப்பு வரவில்லையெனில் உணவு காரணமில்லை. எட்டு வாரமும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் அரிப்பு குறையவே இல்லையெனில், தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமைக்கான மருத்துவத்தை நோக்கிச் செல்ல வேண்டும். பாதி மட்டும் குறைந்தால் இரண்டும் சேர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட நாய்கள் ஏராளம்.

பிறகு

உணவு ஒவ்வாமையைத் தீர்க்கும் மருந்து இல்லை. விலக்க வேண்டியதை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே மருத்துவம். வீட்டுச் சமையலையே தொடர விரும்பினால், கால்சியமும் மற்றச் சத்துகளும் சேர்த்து முழுமையான உணவுத் திட்டம் ஒன்றை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சோதனைக் கால உணவை அப்படியே ஆண்டுக்கணக்கில் நீட்டக் கூடாது. 1903-இல் தொடங்கப்பட்டு, இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் நாய்களுக்கு மருத்துவம் பார்க்கிறார்கள். தோல் நோய் நாள்பட்டுவிட்டால் அங்கே காட்டுவது பயனளிக்கும்.

கடலோரப் புழுக்கத்தில் ஈஸ்ட் எளிதாக வளரும் என்பதால், உணவு சரியான பிறகும் பாதங்களைக் கழுவி விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது நல்லது. மருத்துவர் மருந்து ஷாம்பு கொடுத்திருந்தால், நுரையைப் பத்து நிமிடம் தோலில் ஊறவிட்டுப் பிறகே கழுவ வேண்டும். உடனே கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமில்லை.

விலக்க வேண்டிய பொருள்களின் பெயர்களைத் தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்பவரிடம் அந்தப் புத்தகத்தையும், வேகவைத்த கிழங்குத் துண்டுகள் போட்ட டப்பாவையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போங்கள்.